கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்

"ஐயா, நீங்க கொஞ்சம் கண்டிச்சுச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான்."

32 ஆண்டு ஆயர் வேலையில் என்னிடம் வந்த வேண்டுகோள்களில், ஜெபத்துக்கு அடுத்தபடியாக இதுதான் அதிகம். மகன் குடிக்கிறான் என்று தாய் வருவார். மருமகள் தனிக்குடித்தனம் கேட்கிறாள் என்று மாமியார் வருவார். வாலிபர் சங்கத்துப் பையன்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து போனையே பார்க்கிறார்கள் என்று சேகரச் செயலாளர் பெயர்ப் பட்டியலோடு வருவார். என்னைக் கண்டியுங்கள் என்று கேட்டு வந்தவர் ஒருவரும் இல்லை.

சி.எஸ்.ஐ. சென்னைப் பேராயத்தில் மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என்று ஊழியம் செய்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். பிரசங்கம், திருவிருந்து, கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் எனக்கு முன்னிருந்தவர்களைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். ஒருவரைக் கடிந்துகொள்வது எப்படி என்பதை மட்டும் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டபோதுதான் கற்றேன்.

மயிலாப்பூர்ப் பக்கத்துச் சபை ஒன்றில் என் மூன்றாம் வருஷம் அது. லெந்து காலம். வேதவாக்கியம் எதற்கெல்லாம் பயன்படும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இடத்தைப் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டேன். அங்கே உபதேசத்துக்கு அடுத்தபடி வருவது கடிந்துகொள்ளுதல். அதற்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. தேடவே வேண்டியிருக்கவில்லை. எட்டு மணி ஆராதனைக்கு எட்டரைக்கு வருகிறவர்கள் வாராவாரம் கண்ணில் பட்டார்கள். பாவ அறிக்கையும் முடிந்து வேதபாடம் வாசிக்கிற நேரத்தில் பக்கவாட்டுக் கதவு சத்தத்தோடு திறக்கும். ஆபீசுக்கு இப்படித் தாமதமாகப் போவீர்களா, ஆண்டவர் வீடு என்றால் மட்டும் அத்தனை இளப்பமா என்று கேட்டுக்கொண்டிருந்தபோதே அந்தக் கதவு திறந்தது. நீலச் சேலையில் ஓர் அம்மா, தலையில் முக்காட்டை இழுத்து விட்டபடி உள்ளே வந்தார். நான் நிறுத்தவில்லை. அவரைப் பார்த்தபடியே அடுத்த வாக்கியத்தையும் சொன்னேன். சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கியவர்களில் நாலைந்து பேர், "இன்னிக்குச் சரியாச் சொன்னீங்க ஐயா" என்றார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வெஸ்ட்ரியில் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது டீச்சரம்மா வந்து நின்றார். ஓய்வு பெற்ற தமிழாசிரியை. அப்போது அவருக்கு எழுபது வயதிருக்கும். காணிக்கை எண்ணுகிறவர்கள் வேலையை முடித்துப் போகும்வரை ஒன்றும் பேசாமல் நின்றார். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்தினார்.

"ஐயா, ஒரு சொல்லுக்கு இன்னிக்குப் பொருள் மாத்திச் சொல்லிட்டீங்க."

"எந்தச் சொல் டீச்சரம்மா?"

"கடிந்துகொள்ளுதல்."

குரலை உயர்த்தாமல் விளக்கினார். கடிதல் என்றால் நீக்குதல், விலக்குதல். திருக்குறளில் 44ஆம் அதிகாரத்துக்குக் குற்றங்கடிதல் என்று பெயர். அங்கே கடியச் சொல்வது குற்றத்தை. அடுத்த அதிகாரமே பெரியாரைத் துணைக்கோடல். தவறு செய்யும்போது இடித்துச் சொல்லும் துணை இல்லாத அரசன், கெடுக்க ஆள் இல்லாமலே கெடுவான் என்று வள்ளுவர் சொல்வது அதில்தான். நட்பைப் பற்றிய அதிகாரத்திலும், நட்பு சிரித்துப் பேசுவதற்காக மட்டும் அல்ல, எல்லை மீறும்போது முந்திப்போய் இடித்துச் சொல்வதற்காக என்கிறார். வள்ளுவர் பிறந்ததாகச் சொல்லப்படும் மயிலாப்பூரில் நின்றுகொண்டு அதையெல்லாம் எனக்குச் சொன்னார்.

"நீங்க இன்னிக்குக் குற்றத்தைக் கடிந்துகொள்ளலை ஐயா. ஆளைக் கடிச்சிட்டீங்க. அந்த வார்த்தையும் வேதத்துல இருக்கு. கலாத்தியர் அஞ்சாம் அதிகாரம் பாருங்க."

பிறகுதான் அந்த நீலச் சேலை அம்மா யாரென்று சொன்னார். பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் இருக்கிறார். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை கிடையாது. அந்த வீட்டுப் பாட்டிக்குச் சர்க்கரை. காலையில் இன்சுலின் போட்டு, இட்லி கொடுத்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுத்தான் அங்கிருந்து கிளம்ப முடியும். பஸ் கிடைக்காத நாளில் நடந்தே வருவார். முந்தின ஆயரிடம் இதைச் சொல்லி அனுமதி வாங்கியிருந்தார். என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போறேன். நீங்களும் வரணும்" என்றார் டீச்சரம்மா. கதவைத் திறந்துவிட்டுப் போய்விட்டார்.

இயேசு மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் சொன்ன முறை அது என்பது இரவில்தான் எனக்கு உறைத்தது. சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியே போய்ச் சொல். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. சபைக்குச் சொல்வது அதற்கும் பிறகு. நான் முதல் இரண்டு படியையும் தாண்டி நேரே மூன்றாவதில் ஏறி நின்றேன். எனக்குத் தவறு செய்தவர்கூட அல்ல, அந்த அம்மா. டீச்சரம்மா முதல் படியிலேயே வேலையை முடித்துவிட்டார்.

சாயங்காலம் போனோம். வீட்டு வாசலை ஒட்டிப் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் வலையைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். வலையின் ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். கையில் நூல் சுற்றிய ஊசி. அந்த அம்மா உள்ளே டீ போடப் போனபோது அவர் செய்வதைப் பார்த்தேன். கிழிந்த இடத்தைச் சுற்றி இருந்த நூலை, நன்றாக இருப்பதுபோல் தெரிந்ததையும், கத்தியால் அறுத்து எடுத்தார். ஓட்டை முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. ஏன் என்று கேட்டேன்.

"அறுந்த ஓரத்த அப்டியே வச்சு முடிச்சு போட்டா நிக்காது சார். மொதல்ல சுத்தம் பண்ணிக்கணும். அப்பறம் கண்ணு கண்ணா கட்டிக்கினே வரணும்."

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அய்யோ, நீங்க போயி..." என்று பதறினார். அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் அவர் வரவில்லை. நாலாவது வாரம் வந்தார். மன்னித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கதவை அவர் திறந்த விதம் மாறியிருந்தது. சத்தம் வராமல் ஒரு கையால் கதவை ஏந்திப் பிடித்துத் திறந்தார். இதை எழுதும்போதும் அந்தக் கை என் கண்ணில் நிற்கிறது.

அவர் வீட்டுக்குப் போய்வந்த அன்றிரவே கலாத்தியரை எடுத்தேன். ஐந்தாம் அதிகாரத்தில் ஒருவரையொருவர் கடித்து விழுங்காதீர்கள் என்று பவுல் எச்சரிக்கிறார். சில வசனம் தள்ளி, ஆறாம் அதிகாரத்தின் தொடக்கத்தில், தவறிவிட்டவனைச் சாந்தத்தோடு சீர்பொருந்தச் செய்யுங்கள் என்கிறார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்த கிரேக்கத்தைத் தூசி தட்டி மூலத்தைப் பார்த்தேன். அந்தச் ‘சீர்பொருந்த’ என்ற இடத்தில் இருப்பது கட்டார்ட்டீட்சோ என்ற வினைச்சொல். செபதேயுவின் மக்கள் யாக்கோபும் யோவானும் படவில் உட்கார்ந்து வலையைப் பழுது பார்த்தார்கள் என்று மத்தேயுவும் மாற்குவும் எழுதும் இடத்திலும் அதே சொல். சீனிவாசபுரத்துப் பெரியவரின் கட்டைவிரலைப் பார்த்த அன்றைக்கே இதையும் படிக்கும்படி நேர்ந்தது.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தைப் பல வருஷம் கூர்ந்து வாசித்தேன். சுவிசேஷங்களில் யார் யாரைக் கடிந்துகொள்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வந்தேன். கிரேக்கத்தில் எப்பிட்டிமாவோ என்று ஒரே சொல்தான் பெரும்பாலும் வருகிறது. நம் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு, 1871ல் ஹென்றி பவர் குழுவினர் முடித்ததை அடிப்படையாகக் கொண்டது, அதைச் சில இடத்தில் அதட்டுதல் என்றும் சில இடத்தில் கடிந்துகொள்ளுதல் என்றும் பிரித்துச் சொல்கிறது. தமிழ்க் காதுக்கு அது இதமாக இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே சொல் என்பது மறைந்துவிடுகிறது.

சேர்த்து வைத்துப் பார்த்தால் படம் வேறாகத் தெரியும். இயேசு அசுத்த ஆவிகளை அதட்டுகிறார், காற்றை அதட்டுகிறார், பேதுருவின் மாமியாரைப் பிடித்த ஜுரத்தை அதட்டுகிறார். மனிதரை வதைக்கிற எதுவோ, பெரும்பாலும் அதன் மேல்தான் அந்தச் சொல் பாய்கிறது. ஜுரத்தை அதட்டினார், ஜுரத்தில் கிடந்தவரை அதட்டவில்லை. டீச்சரம்மா வெஸ்ட்ரியில் சொன்னதும் இதுதானே.

மனிதர்கள் கடிந்துகொள்ளும் இடங்களைப் பாருங்கள். சிலுவைப்பாடு வேண்டாம் என்று பேதுரு இயேசுவையே கடிந்துகொள்கிறார். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களைச் சீஷர்கள் அதட்டுகிறார்கள். வழியோரத்தில் கூப்பிட்ட குருடன் பர்திமேயுவைச் சும்மாயிரு என்று கூட்டம் அதட்டுகிறது. மூன்றும் தவறு. மூன்றையும் செய்தவர்கள் இயேசுவுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள், அவருடைய மரியாதையைக் காப்பாற்றுவதாக நினைத்தவர்கள். அந்த வரிசையில் என் பெயரையும் நோட்டில் எழுதினேன். மனிதர் சொன்ன கண்டிப்பில் நேராக அமைந்த ஒன்றை லூக்கா எழுதுகிறார். சிலுவையில் தொங்கிய குற்றவாளிகளில் ஒருவன் மற்றவனைக் கடிந்துகொண்டது. அவனும் அதே தண்டனையில், அதே உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தவன்.

இதன் வேர் லேவியராகமம் 19ஆம் அதிகாரம். உன் சகோதரனை மனதுக்குள் பகைக்காதே, அவனைக் கடிந்துகொள் என்ற கட்டளைக்கு அடுத்த வசனத்தில்தான், பிறனை உன்னைப்போல நேசி என்ற கட்டளை வருகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க நாம் மறந்துவிட்டோம். சொல்லாமல் மனதில் வைத்துப் புழுங்குவதைப் பகை என்கிறது வேதம். நம் ஊரில் அதற்குப் பெருந்தன்மை என்று பெயர். அந்த வசனத்தை விளக்கிய யூத ரபிகள், சொல்லத்தான் வேண்டும், ஆனால் கேட்பவன் முகம் வெளிறும்படி சொல்லக்கூடாது என்று எல்லை வைத்தார்கள்.

வாயால் சொன்னதோடு நிறுத்திக்கொள்வதும் போதாது. அதற்கு ஏலியைவிடப் பெரிய சாட்சி இல்லை. ஆலயத்துக்கு வந்தவர்களின் பலியைத் தன் பிள்ளைகள் பறித்துத் தின்றதை அறிந்தும் அவர்களை அடக்காத ஆசாரியன். எங்கள் ஆயர் வீடுகளில் அந்த அதிகாரத்தை அடிக்கடி வாசிப்பது நல்லது.

‘தனியே சொல்’ என்ற வார்த்தையைத் திருச்சபை ஒளிந்துகொள்ளும் இடமாக மாற்றிவிடக் கூடாது. பதவியில் இருக்கும் மூப்பர்கள் பாவத்தில் நிலைத்தால், சாட்சிகள் உறுதியான பிறகு எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்லி அதே தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறது. வெளிப்படையாகச் செய்ததை வெளிப்படையாகவும், மறைவில் செய்ததை மறைவிலும் கண்டிக்க வேண்டும் என்றார் அகஸ்டின். ஒரு பிள்ளைக்கு, ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமையை ‘சபைக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்’ என்று மத்தேயு 18ஐக் காட்டி மூடுகிறவர்களை நான் கூட்டங்களில் எதிர்த்துப் பேசியிருக்கிறேன். அது சகோதரனுக்கும் சகோதரனுக்கும் உள்ள குறை அல்ல, குற்றம். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே தண்டனைக்குரியது என்கிறது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம். அங்கே போகவேண்டிய இடம் காவல் நிலையம்.

பவுல் அந்தியோகியாவில் பேதுருவை எல்லாருக்கும் முன்பாக எதிர்த்ததும் காரணத்தோடுதான். பேதுரு புறஜாதிக்காரரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டு வந்தவர். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து தனியே போய்விட்டார். பந்தியை விட்டு எழுந்தது ஊரறிய. அவமானப்பட்டவர்களும் ஊரறிய அவமானப்பட்டார்கள். அவர்கள் காதில் விழும்படி சொன்னால்தான் அது நியாயம்.

தமிழ்ச் சபைக்கு இது தூரத்து விஷயம் அல்ல. சாதி வாரியாக உட்கார்ந்து, முன்னும் பின்னுமாகத் திருவிருந்து வாங்கிய காலம் இங்கே உண்டு. சென்னைக்குத் தனிப் பேராயர் வருவதற்கு முன், 1833ல், கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபையில் சாதி வேற்றுமை உடனடியாக, முழுமையாக ஒழிய வேண்டும் என்பது அதன் சாரம். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே போனார்கள். வில்சன் சொன்னதில் எள்ளளவும் பிழையில்லை என்பது என் முடிவு. மென்மையாகச் சொல்லியிருக்கலாம் என்று வாதிடுகிறவர்கள், பின் வரிசையில் உட்கார வைக்கப்பட்டவர்களின் இடத்திலிருந்து அதை வாசித்துப் பார்க்க வேண்டும். ஆனால் கடிதம் வாசலைத்தான் தட்டும். உள்ளே போய் உட்கார்ந்து, கண்ணு கண்ணாகக் கட்டுவதற்கு ஆள் தேவை. தமிழ்ச் சபைகளில் அப்படிப்பட்ட ஆட்கள் அன்றும் குறைவு, இன்றும் குறைவு. ஆங்கிலிகன், மெதடிஸ்ட் என்று பல பிரிவாக இருந்தவர்கள் 1947 செப்டம்பர் 27ல் கதீட்ரல் சாலை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒரே திருச்சபையாக இணைந்தோம். இத்தனை ஆண்டு கழித்தும் வரன் தேடும் விளம்பரத்தில் ‘சி.எஸ்.ஐ.’ என்பதற்குப் பக்கத்தில் சாதிப் பெயர் அச்சாகிறது.

தி. நகர்ச் சபை ஒன்றில் இதை நேருக்கு நேர் சந்தித்தேன். கமிட்டி உறுப்பினர், வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், கூரை மாற்றியபோது பெரிய தொகை கொடுத்தவர். மகள் ஒரு பையனை விரும்பினாள். பையனும் சி.எஸ்.ஐ.தான், நல்ல வேலை, ஒழுங்கானவன். சாதி வேறு. மகளோடு பேச்சை நிறுத்திவிட்டார். கமிட்டியில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏழை வீட்டுப் பையன் என்றால் வாரம் ஒருவர் போய் அறிவுரை சொல்லியிருப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனேன். காப்பி வந்தது. அவர் மனைவி உள்ளே போனார். கதவைச் சாத்தட்டுமா என்று கேட்டுவிட்டுச் சாத்தினேன்.

"அண்ணே, போன ஞாயித்துக்கிழமை நீங்களும் அந்தப் பையனும் ஒரே வரிசையில முழங்கால்ல நின்னீங்க. ஒரே பாத்திரத்துலேர்ந்து ரெண்டு பேருக்கும் கொடுத்தேன். அங்க ஒண்ணாக் குடிச்சவரு, உங்க வீட்டு மேஜையில அவனுக்கு எடமில்லைங்கிறீங்க. இது தப்பு அண்ணே. உங்க மகள் செஞ்சது தப்பில்ல, நீங்க செய்யறதுதான்."

வெகுநேரம் பேசாமல் இருந்தார். "எல்லாம் சரிதான் ஐயா. ஊர்ல என் தம்பிங்க முகத்துல எப்படி முழிக்கிறது?" என்றார். பிறகு, "அப்ப நான் திருவிருந்துக்கு வரக்கூடாதுங்கிறீங்களா?"

அந்தக் கேள்வியைத்தான் நான் பயந்துகொண்டே எதிர்பார்த்தேன். வாருங்கள், நானே கொடுப்பேன், ஆனால் ஒவ்வொரு முறை கை நீட்டும்போதும் நான் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். விலக்கியிருக்க வேண்டும் என்று என் நண்பரான ஓர் ஆயர் இன்றும் சொல்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பையன் பக்கத்தில் முழங்கால் நின்றான் என்பதை நினைத்தால் நான் செய்தது போதுமா என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

அவர் கமிட்டியிலிருந்து விலகினார். ஒரு வருஷம் வேறு சபைக்குப் போனார். கல்யாணத்தை நான் நடத்தி வைத்தேன். அவர் வரவில்லை, அவர் மனைவி வந்தார். காணிக்கை குறைந்தது என்று என்னைக் கேள்வி கேட்டவர்கள் உண்டு. நான் மட்டும் மாதம் ஒருமுறை வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதல் ஆறு மாதம் காப்பி கிடையாது. கிரிக்கெட்டும் முழங்கால் வலியும் பேசுவோம். அந்த விஷயத்தை நான் இரண்டாம் முறை எடுத்ததில்லை. ஒருமுறை சொல்லியாயிற்று, அவருக்குக் கேட்டும் விட்டது.

இதைப் படிக்கிற இளம் ஆயர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஊரடங்குக்குப் பிறகு உங்கள் பிரசங்க பீடத்துக்கு எதிரே கேமரா நிற்கிறது. நீங்கள் யாரை நினைத்துச் சொன்னீர்கள் என்று துபாயில் இருக்கும் அவருடைய மைத்துனர் வரைக்கும் தெரிந்துவிடும். பெயர் சொல்லவில்லையே என்பது சமாதானம் ஆகாது, நானும் அன்று பெயர் சொல்லவில்லை. ஒருவரைக் கண்டிக்கும்படி உங்களிடம் கேட்டு வந்தால், முதலில் அவர் ஞாயிற்றுக்கிழமை காலை எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார் என்று விசாரியுங்கள். வீட்டைப் பாருங்கள். சொன்ன பிறகும் அந்த வீட்டுக்குப் போய்வர உங்களால் முடியுமா என்று யோசித்துவிட்டு வாயைத் திறங்கள்.

டீச்சரம்மா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அடக்க ஆராதனையில் நான்தான் பிரசங்கம் செய்தேன். வெஸ்ட்ரியில் நடந்ததை அன்று சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு அவர் சொன்னதை நானாகத் திறப்பது சரியா என்று அப்போது தெளிவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

தி. நகர்க்காரர் பேத்தியைப் பார்த்துவிட்டார். மருமகனோடு இன்னும் பேசவில்லை. நான் இப்போது அவருடைய ஆயர் இல்லை, அடையாறில் மகன் வீட்டில் இருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமையும் அங்கே போகிறேன்.